பாரதியாரும் பாட்டின் விலையும்

எட்டயபுரம் என்னும் சிற்றூருக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் இரட்டைச் சிறப்பு உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டில் அவ்வூர் அரண்மனையின் அவைப்புலவராய் விளங்கியவர். அவர் அடங்கியிருப்பதும் அம்மண்ணிலேயே. சுப்பிரமணிய பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் பிறந்ததும் அவ்வூரில்தான். இன்று அங்குச் செல்வோர் இருவர்க்கும் மணிமண்டபங்கள் எழுந்துள்ளமையைக் காணலாம். பாரதியார் மண்டபம் 1947இல் திறக்கப்பெற்றது. உமறுப்புலவர் மண்டபம் 2007இல் திறக்கப்பெற்றது.

உமறுப்புலவர் காலத்தில் புலவர் வாழ்ந்த வழி எளிதில் விளங்கக் கூடியது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி காப்பியம் பாடத் தூண்டினார். அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். புரவலர் புலவரைக் காத்தார்; புலவர் தம் நூலுள் புரவலரைப் போற்றினார். நூலோ, ஏடு வைத்திருந்தோர் அனைவர்க்கும் சொந்தம். படியெடுக்க எவரும் எவரிடமும் இசைவு கேட்டதில்லை. சீறாப்புராணம் 1842இல் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களால் அச்சேறியபோது அதைப் பாடியவர் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

அச்சுப்பொறி வந்தபின் நிலைமை மாறிற்று. அரண்மனைகள் தளர்ந்தன, வள்ளல்கள் அருகினர். அவர்கள் இடத்தில் வாசகர் என்னும் புதிய புரவலர் வரவேண்டும். ஆனால் அவர் உடனே வந்துவிடவில்லை. பழைய வாயில் அடைபட்டுப் புதிய வாயில் திறவாத அந்த இடைக்காலத்தில் பிறந்தவர் பாரதியார். அவர் வாழ்வை நாட்டுப்பற்று நோக்கிலும் கவிதை நோக்கிலும் பலர் எழுதியுள்ளனர். அவர் பாட்டுக்கு என்ன கிடைத்தது, அப்பாட்டு அவருக்குப் பின் யார் யார் கைக்கு மாறிற்று என்னும் ஓரிழையை மட்டும் பற்றிக்கொண்டு அவ்வாழ்வை நாம் ஈண்டு நோக்குவோம்.

அரண்மனை வாயிலில்

பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையின் மதிப்பைப் பெற்றவர். கணிதத்திலும் பொறிகளிலும் ஆர்வமுடையவர். பருத்தி ஆலை ஒன்றை நிறுவ முயன்று பொருளை இழந்தார். மகன் சுப்பையாவின் கவித்திறனைக் கண்ட அரண்மனைப் புலவர்கள் 1893இல் பதினோரு வயதுச் சிறுவனுக்குப் 'பாரதி' என்னும் பட்டத்தை வழங்கினர். பாரதியார் பெற்ற முதற்பரிசு இதுவே. பெயருக்கு முன்னால் புகழ் வந்தது, பொருள் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் இந்த வரிசைமுறை மாறவேயில்லை என்பது நம் கருத்து.

1897 ஜனவரித் திங்களில், பதினான்கு வயது நிரம்பிய பாரதியார் தம் படிப்புக்கு உதவி வேண்டி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுள் வடிவில் ஒரு விண்ணப்பம் எழுதினார். பாட்டைக் கொடுத்துப் பொருளைக் கேட்கும் முறை அவருக்கு மரபு வழியாக வந்தது. உமறுப்புலவர் நின்ற அதே அரண்மனை வாயிலில்தான் இச்சிறுவரும் நின்றார். அதே ஆண்டில் செல்லம்மாளுடன் திருமணம் நடந்தது. மறு ஆண்டில் தந்தை மறைந்தார். காசியில் அத்தை வீட்டில் தங்கி 1902 வரை பயின்ற பாரதியார், பின்னர் எட்டயபுரம் ஜமீன்தாரின் அழைப்பின்பேரில் ஊர் திரும்பி அரண்மனைப் பணியில் அமர்ந்தார். ஜமீன்தாருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவதும் உரையாடுவதும் அப்பணியுள் அடங்கும். இரண்டாண்டுகளுக்குமேல் அவரால் அங்கே தங்க இயலவில்லை.

1904 ஆகஸ்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர் ஆனார். மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். அப்பள்ளியில் அவர் பணியாற்றியது நான்கு திங்களுக்கும் குறைவு. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அந்த இடைவெளி குறித்து ஒரு சிறு பெருமிதம் உண்டு. ஆயினும் அவர் நெடுநாள் அங்கேயே தங்கியிருந்தால் தமிழ் எதை இழந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். அவ்வாண்டின் நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் நாளிதழில் உதவியாசிரியராய்ச் சேர்ந்து சென்னை சென்றார்.

இதழும் நூலும்

சுதேசமித்திரனில் அவர் பெற்ற ஊதியம் செய்தி மொழிபெயர்ப்புக்கும் உரைநடைக்கும் உரியது. பாட்டுக்கெனத் தனியே எவரும் விலை நிறுவவில்லை. 1906இல் 'இந்தியா' வார இதழ் தோன்றியது. மண்டயம் குடும்பத்தாரின் பொருளுதவியால் நடந்த அவ்விதழில் பாரதியாரின் எழுத்துத் தங்குதடையின்றி வெளிப்பட்டது.

1907இல் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதக் கட்சியினர். பாரதியாரோ திலகர் வழியினர். அரசியலில் எதிரெதிரே நின்ற இருவரும் ஜி.ஏ. நடேசன் மூலம் சந்தித்தனர். பாரதியார் பாடக்கேட்ட கிருஷ்ணசாமி ஐயர் உள்ளம் உருகி, சில பாடல்களை 'சுதேச கீதம்' என்னும் பெயரில் 15,000 படிகள் அச்சிட்டுப் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் விலையின்றி வழங்கினார். கட்சி வேற்றுமையைக் கடந்த பெருந்தன்மை இது என்பதில் ஐயமில்லை. தமிழ்க் கவிஞர் ஒருவருக்கு அந்நாளில் 15,000 வாசகர் கிடைப்பது கனவிலும் அரிது. ஆனால் அந்த 15,000 படிகளும் இலவசப் படிகள். பாரதியார் பாட்டு நாட்டில் பரவியது காசு கொடுத்து வாங்கும் பொருளாக அன்று. கைக்குக் கை மாறும் துண்டுத்தாளாக. பரவிய வேகத்துக்கு அதுவே காரணம். பாடியவர் வீட்டில் பணம் சேராமைக்கும் அதுவே காரணம்.

1908இல் 'சுதேச கீதங்கள்' நூலாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அடக்குமுறைக்கு உட்படாது எழுதவேண்டிப் பாரதியார் புதுச்சேரி சென்றார். 'இந்தியா' இதழ் அங்கிருந்து வெளிவந்து 1910இல் நின்றது. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் அது நுழைய விடப்படாமையே காரணம். 1911இல் 'கனவு', 'ஆறிலொரு பங்கு' ஆகிய நூல்கள் தடை செய்யப்பட்டன. வாசகர் தமிழ்நாட்டில், எழுத்தாளர் பிரெஞ்சு எல்லைக்குள், இடையே காவல். எத்துணைப் பெரிய எழுத்தாளராயினும் இந்நிலையில் நூல் விற்று வாழ்வது எங்ஙனம்?

ஆயினும் எழுத்து நிற்கவில்லை. 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912இல் அச்சாயிற்று. 'மாதா மணிவாசகம்' 1914இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வெளிவந்தது. கடல் கடந்த தமிழர் அவரை அறிந்து மதித்தமைக்கு இது சான்று. பரலி சு. நெல்லையப்பர் 1917இல் 'கண்ணன் பாட்டு' முதலிய சிறுநூல்களை வெளியிட்டார். தாமே எளியவராக இருந்தும் பாரதியார் நூல்களை வெளியிடுவதைத் தவமாகக் கொண்ட நெல்லையப்பரைத் தமிழ்மாணவர் மறத்தல் ஆகாது. இவ்வளவும் நடந்தபோது புதுச்சேரி வீட்டின் நிலை என்ன? சமையலுக்கு வைத்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியை மேடைகளில் சுவைபடச் சொல்வோர் பலர். அந்த அரிசி செல்லம்மாள் அண்டை வீட்டில் கடனாகப் பெற்றது என்று சொல்லப்படுவதை ஏனோ அவர்களுட் பலர் விட்டுவிடுகின்றனர். குருவிகளுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு அக்கடனை அடைத்தவருக்கும் உரியதன்றோ!

இரு விண்ணப்பங்கள்

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூரில் கைதாகி, டிசம்பரில் விடுதலையடைந்து, மனைவியின் ஊராகிய கடையம் சென்றார். 1919 மார்ச்சில் காந்தியடிகள் சென்னை வந்து இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி அப்போதுதான் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்தார். அவ்வில்லத்துள் பாரதியார் திடுமெனப் புகுந்து காந்தியடிகளிடம் பேசிச் சென்றதையும், இவரைப் பேணுவதற்குத் தமிழ்நாட்டில் எவரும் இல்லையா என்று அடிகள் வினவியதையும் உடனிருந்த வ.ரா. பதிவு செய்துள்ளார். வினா எழுந்தது, விடை எழவில்லை.

அடுத்த மே மாதத்தில் பாரதியார் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவிகள் எழுதினார். 1897இல் விண்ணப்பித்த சிறுவர் 22 ஆண்டுகள் கழித்து அதே அரண்மனைக்கு மீண்டும் எழுதுகின்றார். ஆனால் தொனி வேறு. இப்போது எழுதுபவர் தம் தகுதியை முற்றும் உணர்ந்தவர். பழந்தமிழ்ப் புலவரைப் போலத் தலைநிமிர்ந்து நின்று, தம் கவியைக் கேட்டுச் சால்வையும் பொற்பையும் பல்லக்கும் அளித்துச் சிறப்பிக்குமாறு வேண்டினார். அதற்கு மறுமொழி இல்லை. ஆகஸ்டில் மற்றொரு மடல் எழுதினார். எட்டயபுர அரசர் வரலாறாகிய 'வம்சமணி தீபிகை' நூலின் நடையைத் திருத்திப் புதுக்கித் தருவதாகக் கூறினார். அதற்கும் பயன் விளையவில்லை. ஆங்கிலேய அரசின் நிழலில் வாழ்ந்த ஒரு ஜமீன், அவ்வரசின் கண்காணிப்பில் இருந்த கவிஞருக்குப் பல்லக்கு அனுப்பும் என எதிர்பார்ப்பது அரிதே. சீதக்காதியின் காலம் போய்விட்டது என்பதைப் பாரதியாருக்கு உணர்த்தியது அந்த மௌனம்.

பழைய வாயில் மூடிய பின் அவர் புதிய வாயிலைத் தட்டினார். 1920 ஜூன் மாதத்தில் கடையத்துக்கு அண்மையிலுள்ள பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மாண்பு குறித்து முஸ்லிம் பெருமக்கள் கூடிய அவையில் பாரதியார் உரையாற்றினார்; அல்லாஹ்வைப் போற்றும் பாடலையும் அங்கே பாடினார். அம்மாதத்தின் இறுதியில்தான் தம் நூல் வெளியீட்டுத் திட்டத்தை நண்பர்களுக்கு எழுதி அனுப்பினார். அத்திட்டம் பின்வருமாறு: புதுச்சேரியில் எழுதிக் குவித்த கையெழுத்துப் படிகளை 40 தனி நூல்களாக வகுப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக 4 லட்சம் படிகள் அச்சிடுவது, முதற்செலவு 20,000 ரூபாய், ஓரிரு ஆண்டுகளில் எதிர்பார்க்கும் ஆதாயம் ஒன்றரை லட்சம். முதலை நண்பர்களிடம் கடனாகக் கேட்டார். முத்திரைத்தாளில் எழுத்து எழுதித் தருவதாகவும், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருவதாகவும் உறுதி கூறினார். நம் சேலம் பக்கத்துக் கடைவீதிகளில் 'இரண்டு வட்டி' என்று இன்றும் வழங்குவதே இது. வட்டியின் நன்மை தீமை ஈண்டு நம் ஆய்வுப்பொருள் அன்று. இங்கு நாம் நோக்க வேண்டுவது, கவிஞர் வணிகரின் மொழியில் பேசியதை. தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் எளிதில் விலைபோக வேண்டும் என்று அவர் விரும்பினார்.

சிலர் இத்திட்டத்தைக் கவிஞரின் கனவு எனச் சொல்லி நகைப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. கணக்கு பிழையானதன்று, காலம்தான் பிழையானது. எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிறுபான்மையாயிருந்த நாட்டில், அதிலும் நூலை விலை கொடுத்து வாங்கும் பழக்கம் அரிதாயிருந்த நாட்டில், 4 லட்சம் படிகளுக்கு வாசகர் எங்கே? முதலும் கிடைக்கவில்லை. பாரதியார் நூல்கள் அவர் குறித்த எண்ணிக்கையை என்றோ கடந்து விற்றுவிட்டன என்பதை இன்று நாம் அறிவோம்.

1920 நவம்பரில் மீண்டும் சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். 16 ஆண்டுகளுக்கு முன் எந்த நாற்காலியில் அமர்ந்தாரோ அதற்கே திரும்பினார் எனலாம்.

காவிரிக்கரையில்

மேச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நமக்குப் பாரதியாரின் கடைசிப் பயணம் தனி ஈடுபாட்டுக்கு உரியது. 1921 ஜூலை இறுதியில் வழக்கறிஞர் தங்கப்பெருமாள் பிள்ளையின் அழைப்பை ஏற்று, ஈரோட்டை அடுத்துக் காவிரிக்கரையிலுள்ள கருங்கல்பாளையத்துக்கு அவர் வந்தார். அவ்வூர் வாசகசாலையின் ஆண்டுவிழாவில் மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். அக்காலத்தில் மேட்டூரில் அணை இல்லை. அது எழுந்தது 1934இல்தான். தடையின்றி ஓடிய காவிரியை அவர் அந்த ஆடியில் கண்டார். பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் ஒரு கட்டுரையும் எழுதினார்.

பல்லக்கு அனுப்ப மறுத்தது ஓர் அரண்மனை; வண்டியனுப்பி வரவேற்பது போல அன்பு காட்டி அழைத்தது ஒரு சிற்றூர் வாசகசாலை. புதிய புரவலராகிய வாசகர் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் காலந்தாழ்ந்து வந்தார். அவ்விழா முடிந்து ஆறு வாரங்களுக்குள், செப்டம்பர் 11 நள்ளிரவைக் கடந்த வேளையில், திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். வயது 39 நிரம்பவில்லை. இறுதி ஊர்வலத்தில் சென்றோர் இருபதுக்கும் குறைவு என்பர்.

கைமாறிய உரிமை

கணவர் விட்டுச்சென்ற சொத்து கையெழுத்துப் படிகளே என்பதைச் செல்லம்மாள் அறிந்திருந்தார். 1922இல் 'பாரதி ஆச்சிரமம்' என்னும் பெயரில் தாமே நூல்களை வெளியிட முற்பட்டார். கைம்பெண் ஒருவர் அக்காலத்தில் பதிப்பகம் நடத்துவதில் உள்ள இடர்ப்பாடு சொல்லாமலே விளங்கும். மணமாக வேண்டிய இளைய மகள் சகுந்தலா ஒருபுறம், கடன் ஒருபுறம். பாரதியாரின் மாற்றாந்தாய் மகனாகிய தம்பி சி. விசுவநாதன் நண்பர்களுடன் சேர்ந்து 1924இல் 'பாரதி பிரசுராலயம்' நிறுவினார். 1931இல் பாரதியார் படைப்புகள் அனைத்தின் உரிமையும் 4,000 ரூபாய்க்கு விசுவநாதனுக்கு விற்கப்பட்டது.

மேச்சேரிச் செம்மறி தோலுக்குப் பெயர்பெற்றது; அந்தப் பெயரே விலையைக் கூட்டும் என்பதை நம் பகுதி ஆட்டுக்காரர் நன்கறிவர். சந்தையில் துண்டால் கையை மூடி விரலைத் தொட்டு விலை பேசும்போதும், விற்பவர் வாங்குபவர் இருவர்க்கும் பொருளின் தரம் தெரியும். பாட்டின் உரிமை அத்தகையதன்று. இன்று விற்பவருக்கு அதன் நாளைய விலை தெரியாது. தெரிந்தாலும் காத்திருக்க வீட்டில் வகையிராது. எழுத்தாளர் குடும்பங்கள் உரிமையை மொத்தமாக விற்றுவிடுவதன் காரணம் பெரும்பாலும் அறியாமையன்று, அவசரம்.

விசுவநாதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. 1928இல் அரசு பாரதியார் பாடல் நூல்களைத் தடைசெய்து படிகளைக் கைப்பற்றியபோது இழப்பைத் தாங்கியது அவருடைய பிரசுராலயமே. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அத்தடையை எதிர்த்து முழங்கினார். பின்னர்த் தடை நீங்கியது. சிதறிக்கிடந்த எழுத்துகளைத் தொகுத்துத் தொகுதிகளாக்கிய பணியும் பெரிது.

உரிமை என்பது ஒரே பொருள் போலத் தோன்றினும் அது பல இழை சேர்ந்த கயிறு. நூலாக அச்சிடுதல் ஒன்று, இசைத்தட்டில் பாடுதல் ஒன்று, வானொலி ஒன்று, திரைப்படம் ஒன்று. பாரதியார் எழுதியபோது இவற்றுட் பல பிறக்கவேயில்லை. 1934இல் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியே பிரிந்து சூரஜ்மல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெய்சிங்லால் மேத்தாவிடம் சில நூறு ரூபாய்க்குச் சென்றது. அவரிடமிருந்து 1946 அளவில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. சில நூறு பத்தாயிரமாக வளர்ந்த வளர்ச்சியில் செல்லம்மாளுக்குப் பங்கில்லை, அவர் விற்றுவிட்டவர்.

இதற்கிடையே புகழும் தன் வழியில் வளர்ந்தது. 1935இல் பாரதியார் மகாகவியா என்னும் விவாதம் எழுந்தது. ஆம் என்றார் வ.ரா.; உலகப் பெருங்கவிகளின் வரிசையில் வைக்கக் கல்கி தயங்கினார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' அவ்விவாதத்தின் கனி. பின்னர் அதே கல்கி பொதுமக்களிடம் நிதி திரட்டி எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்புவதில் முன்னின்றார் என்பது இலக்கியச் சண்டைகளைப் பெரிதுபடுத்துவோர் கருத்தில் கொள்ளத்தக்கது. 1947 அக்டோபர் 13இல் அதனை இராஜாஜி திறந்து வைத்தார்.

நாட்டுக்கு உரியதான கதை

1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெற்றது. உரிமை தமக்கே உண்டென ஏவி.எம். தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. ஔவை தி.க. சண்முகம் பணியவில்லை. நாடு முழுவதும் பாடிய பாட்டுக்குத் தனியொருவர் உரிமையாளரா என்னும் வினா தமிழ்நாட்டில் பரவிற்று. வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலியோர் இயக்கமாய்த் திரண்டனர். திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு அவருடைய இசைவையும் பெற்றனர். உரிமையை விற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆன பின்னும் பாடியவரின் மனைவியிடம் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும் என்று அவர்கள் கருதியது, சட்டத்தில் இல்லாத ஒரு நெறி.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராகவும் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராகவும் இருந்த அரசு, பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்கும் முடிவை 1949 மார்ச்சில் அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை ஈடு எதுவும் பெறாமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் வழங்கப்பட்டது. செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா ஆகிய மூவர்க்கும் தலைக்கு 5,000 ரூபாய். சட்டப்படி அவர்களுக்கு ஒன்றும் சேரவேண்டியதில்லை. எனினும் அரசு கொடுத்தது, கொடுத்தது முறையே.

எழுத்தாளர் ஒருவரின் உரிமையை அரசே பெற்று மக்களுக்கு ஆக்கியது இந்தியாவில் இதுவே முதன்முறை என்பர். அன்றைய சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை நிலைக்கும். பாரதியார் எழுத்து 1971 முடியும்வரை காத்திருந்திருக்க வேண்டும். இரவீந்திரநாத தாகூரின் நூலுரிமை 2001 முடியும்வரை விசுவபாரதியிடமும், காந்தியடிகளின் நூலுரிமை 2008 முடியும்வரை நவஜீவன் அறக்கட்டளையிடமும் இருந்தன என்பதோடு ஒப்பிட்டால் தமிழ்நாடு செய்ததன் அருமை விளங்கும். தாகூருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. பாரதியாருக்கு அத்தகைய பரிசு ஏதும் இல்லை. ஆனால் தம் பாட்டை எவரும் கட்டின்றிப் பாடலாம் என்னும் உரிமை அவர் மொழியினர்க்கு முந்திக் கிடைத்தது.

அன்று தொடங்கிய 'நாட்டுடைமை' பின்னர் ஒரு மரபாயிற்று. எழுத்தாளரின் மரபுரிமையர்க்கு ஒரு தொகை வழங்கி, நூல்களைப் பொதுவாக்கும் இம்முறையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் படைப்புகள் நாட்டுடைமையாகியுள்ளன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனப் படங்களோடு தொடர்புடைய கவி கா.மு. ஷெரீப் அவர்களும், இஸ்லாமியத் தமிழுக்கு அருந்தொண்டாற்றிய எம்.ஆர்.எம். அப்துற்றஹீம் அவர்களும் அப்பட்டியலில் உள்ளனர். இதில் நமக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. பெரும்பாலும் இத்தொகை எழுதியவர் கைக்கு வருவதில்லை. அவர் மறைந்த பின்னரே வருகின்றது. உயிரோடிருக்கும் கவிஞரோ கைப்பணத்தைச் செலவிட்டு முந்நூறு படி அச்சிட்டு, விழா எடுத்து, வந்தோர்க்கு அன்பளிப்பாய் வழங்கிவிட்டு எஞ்சிய கட்டுகளைப் பரண்மேல் ஏற்றுகின்றார். நம் வட்டாரத்தில் அத்தகையோர் பலரை நாம் அறிவோம். இம்மலரில் எழுதும் மாணவர்க்கும் நமக்கும் கிடைக்கப்போகும் சன்மானமும் மலரின் ஒரு படிதான். அதையும் இரவல் வாங்கிச் செல்வோர் திருப்பித் தருவதில்லை.

பாரதியார் கவிதைகளை அரசே 1950களில் பதிப்பித்தது. அப்பத்தாண்டின் நடுவில் எவரும் அச்சிடலாம் என்னும் நிலை உறுதியாயிற்று. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பெருகி, அவர் விரும்பியவாறே கடைதோறும் கிடைக்கலாயின. திருச்சி வானொலியில் 1951இல் தம் கணவரைப் பற்றி உரையாற்றிய செல்லம்மாள், 1955இல் காலமானார்.